செய்வினைப் பேச்சு கிளம்பிய ஊரில் முதல் 15 நாள்: என்ன செய்வது, எங்கே தவறுகிறோம்?

மேலத்தெரு வாசகசாலை (இழையைத் தொடங்கியவர்)

அடுத்தடுத்து இரண்டு கன்றுகள் சாகின்றன. அதே தெருவில் ஒரு பிள்ளைக்கு வலிப்பு வருகிறது. "யாரோ வச்சுட்டாங்க" என்ற பேச்சு முதலில் யார் வாயில் வந்தது என்று எவருக்கும் தெரியாது. அமாவாசைக்குள் குறி கேட்கப் போகிறார்கள், குறியில் ஓர் அடையாளம் வருகிறது. அந்த அடையாளத்துக்கு ஊரே சேர்ந்து ஓர் ஆளைப் பொருத்துகிறது. பெரும்பாலும் அது ஒரு பெண்: துணையில்லாதவள், வயதானவள், அல்லது வாய்க்கால் தகராறில் விட்டுக்கொடுக்காதவள்.

மூடநம்பிக்கையால் வரும் கேட்டைப் பற்றிப் பேசும்போது ஏமாந்து போன பணத்தைத்தான் நாம் அதிகம் சொல்கிறோம். பணம் போவது உண்மைதான். ஆனால் ஒருவர் மேல் பழி விழுவதும், நோயாளிக்கு வைத்தியம் தள்ளிப்போவதும் அதைவிடப் பெரிய இழப்புகள். இரண்டுமே அந்த முதல் 15 நாளுக்குள் நடந்து முடிந்துவிடுகின்றன. அதற்குப் பிறகு நடத்தும் விழிப்புணர்வுக் கூட்டத்தால் அந்தப் பெண்ணுக்கு ஒரு பயனும் இல்லை.

எனவே பொதுவாக "நம்பாதீர்கள்" என்று சொல்வதை விட்டுவிட்டு, குறி கேட்கப் போகும் முன் என்ன செய்யலாம் என்பதைத் துறை தெரிந்தவர்கள் எழுதுங்கள்.

---

நாட்டுமாடு

கன்றிலிருந்தே தொடங்குகிறேன். பெரும்பாலான ஊர்களில் செய்வினைப் பேச்சு தொழுவத்தில்தான் பிறக்கிறது. மாடு திடீரென்று சாவதற்கு நம் பக்கத்தில் மூன்று காரணங்களை முதலில் பார்க்க வேண்டும்.

முதலாவது சப்பை நோய். 6 மாதத்திலிருந்து 2 வயது வரையுள்ள இளம் மாடுகளை, அதிலும் நன்றாகத் தின்று கொழுத்ததைத்தான் இது முதலில் அடிக்கும். கண்ணேறு என்று சொல்ல இதைவிட வசதியான நோய் கிடையாது. தெருவே பார்த்து மெச்சிய கன்று ஒன்றிரண்டு நாளில் போய்விடும். தொடைச் சப்பையிலோ தோளிலோ வீக்கம் இருக்கும், அமுக்கினால் நறநறவென்று ஓசை கேட்கும். மழைக்காலத்துக்கு முன் தடுப்பூசி போட்டால் பெரும்பாலும் வராது.

இரண்டாவது அடைப்பான் (ஆந்த்ராக்ஸ்). செத்த மாட்டின் மூக்கு, வாய், ஆசனவாய் வழியாகக் கறுத்த, உறையாத ரத்தம் கசியும். "ரத்தம் கக்கிச் சாவே" என்று யாராவது சண்டையில் சாபம் விட்டிருந்தால், அது பலித்துவிட்டதாக ஊர் எடுத்துக்கொள்ளும். இதில் இன்னொரு ஆபத்தும் உண்டு. மாட்டை அறுத்தால் கிருமி காற்றுப் பட்டு வித்தாக மாறி அந்த மண்ணில் பல ஆண்டு கிடக்கும். தோலை உரித்தவர் கையில் சில நாளில் கறுத்த பொருக்குடன் வலியில்லாத புண் வரும். அதையும் சூனியக் கணக்கில் சேர்த்து இரண்டாவது சாட்சியாக்கி விடுவார்கள். ஆகவே தோல் உரிக்கக் கூடாது, அறுத்துப் பார்க்கக் கூடாது. 6 அடி ஆழக் குழி, கீழேயும் மேலேயும் சுண்ணாம்பு. அதற்கு முன் கால்நடை மருத்துவருக்குத் தகவல்.

மூன்றாவது சோளப் பயிர். பூக்காத இளஞ்சோளத்திலும், வறட்சிக்குப் பிறகு ஒரு மழையில் துளிர்த்த மறுதாம்பிலும் சயனைடு நஞ்சு மிகுதி. மேயவிட்ட சிறிது நேரத்திலேயே மாடு மூச்சிரைத்து, தள்ளாடி விழும். வாயின் உட்பகுதி செக்கச்செவேலென்று இருக்கும். மருத்துவர் வந்து சோடியம் நைட்ரைட்டும் சோடியம் தயோசல்பேட்டும் நரம்பில் ஏற்றினால் பிழைக்கும், ஆனால் நிமிடக் கணக்கில்தான் அவகாசம். "அவ கொல்லையைத் தாண்டினதும் விழுந்துச்சு" என்று சொல்வார்கள். அந்தக் கொல்லையில் என்ன விளைந்திருந்தது என்று கேளுங்கள்.

1962 என்ற எண்ணில் கால்நடை ஆம்புலன்சை அழைக்கலாம். முதல் மாடு செத்த அன்றே அழைக்க வேண்டும். மூன்றாவது மாடு சாகும்போது ஊருக்கு ஏற்கனவே ஒரு விடை கிடைத்திருக்கும், அதை மாற்றுவது கடினம்.

---

பனங்காடு

நாட்டுமாடு ஐயா எழுதியதில் ஒன்றை அடிக்கோடிட வேண்டும்: விடை முந்திக்கொள்கிறது. குறி சொல்பவர் அந்த விடையை எப்படி உருவாக்குகிறார் என்பதை விளக்குகிறேன். அவருக்குத் தனித் திறமை எதுவும் வேண்டியதில்லை, கேட்க வந்தவர்களே எல்லாவற்றையும் எடுத்துக் கொடுத்துவிடுகிறார்கள்.

"வீட்டுக்குத் தெற்கே, இல்லே தென்மேற்கே" என்று தொடங்குவார். எந்த வீட்டுக்கும் அந்தத் திசையில் யாராவது இருப்பார்கள். கேட்பவர் முகம் மாறாவிட்டால் "அது பழைய வீட்டுக் கணக்கு" என்று திருப்பிக்கொள்வார். அடுத்து "கொடுக்கல் வாங்கல்ல ஒரு மனக்கசப்பு இருக்கு." இது இல்லாத குடும்பம் கிடையாது. "பொம்பளை கை பட்டிருக்கு" என்றதும் வந்தவர்களில் ஒருத்தர் இன்னொருத்தரைப் பார்ப்பார். அந்தப் பார்வைதான் அவருக்கு வேண்டியது. பெயரை அவர் வாயால் சொல்வதே இல்லை. "உங்களுக்கே தெரியும்" என்று முடித்துவிடுவார். திரும்பி வரும் வழியில் குடும்பமே பெயரைச் சொல்லிக்கொள்ளும், பிறகு சாமி சொன்னதாகவே நம்பும்.

வெற்றிலையில் மை தடவிப் பார்க்கும்போதும் இதே வேலைதான். சிறு பிள்ளையை உட்காரவைத்து, கறுத்த பளபளப்பை விளக்கொளியில் நெடுநேரம் உற்றுப்பார்க்கச் சொல்வார். "சேலை தெரியுதா? என்ன நிறம்? பச்சையா?" என்று கேட்கக் கேட்கப் பிள்ளை ஆமாம் என்கிறது. பிள்ளை பொய் சொல்லவில்லை. கேள்விக்குள்ளேயே விடை இருக்கிறது. பெரியவர்கள் சூழ்ந்து நிற்கும்போது "ஒண்ணும் தெரியல" என்று சொல்ல எந்தப் பிள்ளைக்கும் துணிவு வராது.

குறி கேட்கப் போவதைத் தடுக்க முடியாவிட்டாலும் ஒன்றைச் செய்யலாம். போகிறவர்களிடம், "நாமளா ஒண்ணும் சொல்ல வேணாம், ஊரு, பேரு, என்ன நடந்துச்சுன்னு எல்லாம் அவரே சொல்லட்டும்" என்று முன்கூட்டிப் பேசிவையுங்கள். பாதிக் குறி அங்கேயே நின்றுவிடும்.

---

சோதனைக்குழாய்

தமிழ்நாடு அறிவியல் இயக்கத்தார் நடத்தும் 'மந்திரமா? தந்திரமா?' நிகழ்ச்சிகளைப் பலர் பார்த்திருப்பீர்கள். ஊரில் செய்து காட்ட விரும்புகிறவர்களுக்கு அளவோடு எழுதுகிறேன்.

தண்ணீர் ரத்தமாவது: 1 லிட்டர் தண்ணீரில் அரைத் தேக்கரண்டி மஞ்சள்தூள், அதோடு வெற்றிலைச் சுண்ணாம்பு பட்டாணி அளவு. உடனே சிவக்கும். எல்லார் வீட்டிலும் எடுக்கும் ஆரத்திதான் இது, ஆனாலும் மந்திரவாதி கையில் வேறு ஏதோ ஒன்றாகத் தெரிகிறது. காட்டும்போது மஞ்சள் கரைத்த தண்ணீரைச் செம்பில் வைத்துக்கொண்டு சுண்ணாம்பை விரல் நகத்தடியில் ஒளித்து வைக்க வேண்டும். பிறகு அதே செம்பில் எலுமிச்சைச் சாறு பிழிந்தால் மறுபடி மஞ்சளாகும். ரத்தம் எலுமிச்சைக்கு மஞ்சளாகாது. இந்த இரண்டாவது பாதியைக் காட்டாமல் விட்டால் மக்கள் நினைவில் "ரத்தம்" மட்டுமே நிற்கும். கலப்பட மஞ்சள்தூள் சரியாகச் சிவக்காது, வீட்டில் ஒருமுறை சோதித்துவிட்டுப் போங்கள். சுண்ணாம்பு கூடிவிட்டால் ஒரு பழச்சாறு போதாது, இரண்டு பழம் கையில் இருக்கட்டும்.

எலுமிச்சையில் ரத்தம்: சிவப்புச் செம்பருத்தி இதழ் நாலைந்தைக் கத்தியின் இருபக்கமும் அழுத்தித் தேய்த்து, நிழலில் உலர்த்தி, இன்னொரு முறை தேய்க்கவும். பழத்தை அறுத்ததும் புளிப்புப் பட்டுச் சாறு சிவப்பாக வழியும். பள்ளிக்கூடத்தில் மெத்தில் ஆரஞ்சு இருந்தால் அதைப் பூசி உலர்த்தினால் இன்னும் அழுத்தமான சிவப்பு கிடைக்கும். இரண்டிலும் கத்தி ஈரமாக இருந்தால் அறுக்கும் முன்பே கறை தெரிந்துவிடும். காட்டி முடித்த பழத்தைக் குப்பையில் போடுங்கள், யாரும் வாயில் வைக்கக் கூடாது.

குண்டத்தில் தானே தீப்பற்றுவது: பொட்டாசியம் பெர்மாங்கனேட் பொடி ஒரு தேக்கரண்டி, அதன்மேல் 'நெய்' என்று சொல்லிச் சில சொட்டுக் கிளிசரின். சிறிது நேரத்தில் பற்றிக்கொள்ளும். பொடி கரடாக இருந்தாலும் குளிர்ந்த காலையிலும் தாமதமாகும். பற்றவில்லையே என்று குனிந்து பார்க்கிறவர் முகத்தில்தான் விபத்து. இரும்புத் தட்டில் மணல் பரப்பி, ஆசிரியர் ஒருவரே, கண்ணாடி அணிந்து, பிள்ளைகளை இரண்டு மீட்டர் தள்ளி நிறுத்திச் செய்ய வேண்டும். தண்ணீர் பட்டால் எரியும் சோடியத் துண்டு வைத்த தேங்காயை யாரும் முயல வேண்டாம். தெறித்தால் கண் போய்விடும்.

புதைத்த தகட்டை எடுப்பதற்கு மட்டும் நிகழ்ச்சி தேவையில்லை, கவனித்தால் போதும். ஈர மண் உருண்டைக்குள் தகடு முன்பே அவர் கையிலோ கூடையிலோ இருக்கும், அல்லது கூட்டாளி முந்தின இரவு புதைத்திருப்பார். தோண்டும் இடத்தை அவர் காட்டட்டும், தோண்டுவதும் மண்ணைச் சல்லடையில் சலிப்பதும் வீட்டாராக இருக்கட்டும். வந்த பொருளைப் பாருங்கள். இரண்டு ஆண்டாக மண்ணில் கிடந்த செப்புத் தகடு பளபளக்காது, கறுத்தோ பச்சை பூத்தோ இருக்கும். நூல் மக்கியிருக்கும். கூடவே வாடாத எலுமிச்சம்பழம் வந்தால் அது நேற்றைய சந்தையில் வாங்கியது.

---

இரவுப்பணி

சோதனைக்குழாய் எழுதியது எல்லாம் சரி. ஆனால் மனநலப் பிரிவில் வேலை செய்கிறவர்கள் ஒன்றை மறுபடி மறுபடி பார்க்கிறார்கள்: வித்தை அம்பலமானாலும் குடும்பம் நம்பிக்கையை விடுவதில்லை. "அந்த ஆள் போலி, நல்ல ஆளாப் பார்க்கணும்" என்று அடுத்த ஊருக்குப் போகிறது. ஏனென்றால் பிள்ளையின் வலிப்பு அப்படியே இருக்கிறது. நோய்க்கு விடை கிடைக்காதவரை, மந்திரவாதி ஒருவரை வீழ்த்தினால் இன்னொருவருக்குத்தான் வருமானம்.

ஆகவே முதல் நாளே நோயாளியைப் பாருங்கள்.

வலிப்பு வந்தவரை ஒருக்களித்துப் படுக்கவைத்து, தலைக்கடியில் மடித்த துணி வைத்து, கழுத்துப் பித்தானைத் தளர்த்துங்கள். கையில் சாவிக்கொத்தோ இரும்போ கொடுக்க வேண்டாம், வாயில் கரண்டி, தண்ணீர் எதுவும் வேண்டாம். பெரும்பாலான வலிப்பு ஓரிரு நிமிடத்தில் தானே நிற்கும், அதனால்தான் சாவி வேலை செய்ததாகத் தோன்றுகிறது. கடிகாரத்தைப் பாருங்கள், 5 நிமிடம் தாண்டினால் 108. நம் நாட்டில் வலிப்புக்கு ஒரு முக்கியக் காரணம் நாடாப்புழு முட்டை உடலுக்குள் போய் மூளையில் கட்டியாவது. சரியாகக் கழுவாத கீரை, அசுத்தத் தண்ணீர் வழியாக வருவதால் சைவம் சாப்பிடுகிறவர்களுக்கும் வரும். மூளையை ஸ்கேன் எடுத்தால் தெரியும், மருந்தும் உண்டு. அந்தப் படத்தைத் தாத்தா பாட்டிக்கும் காட்டச் சொல்லி மருத்துவரிடம் கேளுங்கள். "இதோ இந்தப் புள்ளிதான்" என்று கண்ணால் பார்த்தபின் "யார் வச்சது" என்ற கேள்வி தளர்ந்துவிடும்.

மந்திரவாதி சொல்வதிலேயே கொடிய சொல் "மாத்திரையை நிறுத்து, அது இருந்தா தெய்வம் இறங்காது" என்பதுதான். வலிப்பு மாத்திரையைச் சட்டென்று நிறுத்தினால் வலிப்பு விடாமல் தொடர்ந்து உயிரே போகலாம். 48 நாள் விரதத்தைத் தடுக்க முடியாவிட்டாலும் மாத்திரை நிற்காமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

பிரசவம் ஆன முதல் இரண்டு வாரத்தில் தூக்கமே இல்லாமல், தொடர்பில்லாமல் பேசி, "இது என் பிள்ளை இல்ல" என்று ஒரு பெண் சொன்னால் அது பிரசவத்துக்குப் பின் வரும் கடும் மனநோய். 1000 பிரசவத்தில் ஒன்றிரண்டு பேருக்கு வரும். தாய்க்கும் சேய்க்கும் உயிராபத்து, அதே நாளில் மருத்துவமனைக்குப் போக வேண்டும். பச்சை உடம்புக்காரியைப் பேய் பிடித்ததென்று தனி அறையில் பூட்டுவதால் பலருக்கு நோய் அங்கேயே முற்றிவிடுகிறது. சிகிச்சை கிடைத்தால் பெரும்பாலோர் முழுக்கக் குணமாகி விடுவார்கள். மனநோயிலேயே மிக நம்பிக்கையோடு சொல்லக்கூடிய ஒன்று இது.

இன்னொன்று 2007-இல்தான் மருத்துவ உலகம் அடையாளம் கண்டது. இளவயதினரை, அதிலும் பெண்களை அதிகம் தாக்கும் மூளை அழற்சி. சில நாள் காய்ச்சல், தலைவலி; பிறகு திடீரென்று வேறு ஆளாக நடந்துகொள்வது, வாய் கோணிக் கோணி அசைவது, வலிப்பு, விறைப்பு. சிலருக்குச் சூலகத்தில் இருக்கும் கட்டிதான் மூலம். பேய் பிடித்ததென்று சொல்வதற்கு இதைவிடப் பொருத்தமான தோற்றம் இல்லை. நரம்பியல் மருத்துவரிடம் காலத்தோடு போனால் திரும்பி வந்துவிடலாம்.

மிளகாய்ப் புகை போடுவது, வேப்பங்குழையால் அடிப்பது, பட்டினி போடுவது, சங்கிலி. இவற்றில் எதையும் "சடங்கு" என்று விட்டுவிட முடியாது. மூச்சுத்திணறல் உள்ளவருக்கு மிளகாய்ப் புகை கொலைக்குச் சமம். சங்கிலி என்ன செய்யும் என்பதற்கு ஏர்வாடி இருக்கிறது: 2001 ஆகஸ்ட் 6 அன்று அங்கே மனநோயாளிகளை அடைத்திருந்த காப்பகக் கொட்டகை தீப்பற்றியபோது கட்டுண்டு கிடந்த 28 பேர் எழுந்து ஓட முடியாமல் கருகி இறந்தார்கள். எழுதும்போதே கை நடுங்குகிறது.

---

பனங்காடு

இரவுப்பணி சொன்னதை ஏற்கிறேன். வித்தையை அம்பலமாக்குவது முதல் வேலை இல்லை என்பதையும் ஏற்கிறேன். ஆனால் தேவையே இல்லை என்று போய்விடக் கூடாது. யாழ்ப்பாணத்திலும் கொழும்பிலும் ஆசிரியராக இருந்த ஆபிரகாம் கோவூர் 1963-இல் 1 லட்சம் ரூபாய்ச் சவால் விட்டார். அற்புத ஆற்றலை ஏமாற்றில்லாத சூழலில் காட்டுகிறவர் எடுத்துக்கொள்ளலாம் என்று. 1978-இல் அவர் இறக்கும்வரை யாரும் வெல்லவில்லை. அவருக்குப் பின் கோவை போத்தனூர் பிரேமானந்த் 2009-இல் இறக்கும்வரை அந்தச் சவாலைத் தூக்கிப்பிடித்தார், ஊர் ஊராகப் போய் வித்தைகளைப் பிள்ளைகளுக்குக் கற்றுக்கொடுத்தார். அவர்கள் விதைத்த துணிச்சல் சாதாரணமானதில்லை.

கோவூரிடம் நாம் எடுத்துக்கொள்ள வேண்டிய இன்னொரு பாடம் உண்டு. கல் விழுகிறது, துணி எரிகிறது, சோற்றில் மண் விழுகிறது என்று குட்டிச்சாத்தான் கதை வரும் வீடுகளில் அவர் முதலில் வீட்டில் உள்ள ஒவ்வொருவரோடும் தனித்தனியே பேசுவார். பல நேரம் மனம் நொந்த வளரிளம் பிள்ளை ஒன்று அங்கே இருக்கும். அந்தப் பிள்ளையை ஊர் முன் நிறுத்திக் காட்டிக்கொடுத்தால் நாமும் பழி போடுகிறவர்களாகிவிடுவோம். நொந்த காரணத்தைக் கேட்டுச் சரிசெய்தால் கல் விழுவது நின்றுவிடும். குழந்தைக்கு உதவி எண் 1098.

---

நச்சுமுறிவு

இழையின் பொருளுக்குப் பக்கத்தில் உள்ள ஒன்று, சுருக்கமாக. பாம்புக்கடிக்கு மந்திரிப்பது "வேலை செய்வதற்கு" காரணம், கடிக்கும் பாம்புகளில் பெரும்பாலானவை நஞ்சில்லாதவை. நஞ்சுள்ளவையும் சில நேரம் நஞ்சை இறக்காமல் கடிக்கும். இந்தியாவில் ஆண்டுக்குச் சுமார் 58,000 பேர் பாம்புக்கடியால் இறப்பதாக மதிப்பீடு. கட்டுவிரியன் இரவில் தூக்கத்தில் கடிக்கும், வலியும் வீக்கமும் இருக்காது. விடியற்காலையில் வயிற்றுவலி, பிறகு இமை தூக்க முடியாமல் தொங்கும். அந்த நேரத்தில் அதைக் "காத்து கருப்பு அடிச்சது" என்று கோடாங்கியிடம் தூக்கிப் போகிறார்கள். மூச்சுத் தசை நிற்பதற்குள் செயற்கைச் சுவாசம் உள்ள மருத்துவமனை வேண்டும். கண்ணாடி விரியன் கடியா என்று பார்க்கும் சோதனைக்குக் காய்ந்த, சுத்தமான கண்ணாடிக் குழாயும் 2 மில்லி ரத்தமும் 20 நிமிடமும் போதும்; அசைக்காமல் வைத்துச் சாய்த்துப் பார்த்து, உறையாவிட்டால் நஞ்சுமுறி மருந்து தொடங்குவார்கள், வழக்கமாக 10 குப்பி அளவில். அந்த மருந்துக்கான நஞ்சை சென்னைக்குத் தெற்கே வடநெம்மேலியில், 1978-இல் தொடங்கப்பட்ட இருளர் கூட்டுறவுச் சங்கம் எடுத்துத் தருகிறது. பாம்பை நம்மைவிட நன்கறிந்த அந்த மக்களின் உழைப்பு குப்பியில் இருக்கிறது என்று சொல்லிப் பாருங்கள், ஊர்ப் பெரியவர்கள் காது கொடுப்பார்கள்.

---

மேலத்தெரு வாசகசாலை

எல்லாருக்கும் நன்றி. சிலர் தனிச்செய்தியில் கேட்டது: திருஷ்டி சுற்றிப் போடுவது, குலசாமிக்கு நேர்ந்துகொள்வது, அலகு குத்துவது, இவற்றையும் எதிர்க்க வேண்டுமா?

---

இரவுப்பணி

வேண்டாம், மேலத்தெரு. பாட்டி உப்பும் மிளகாயும் சுற்றி அடுப்பில் போடுவதால் யார் மேலும் பழி விழவில்லை, யாருடைய மருந்தும் நிற்கவில்லை. அதோடு மோதினால் பாட்டியை இழப்போம். நாளைக்குப் பிள்ளையை ஆஸ்பத்திரிக்குத் தூக்கிப்போக வேண்டியவர் அவர். சடங்கு ஒருவரைக் குற்றவாளி ஆக்குகிறதா, உடம்பைக் காயப்படுத்துகிறதா, வைத்தியத்தைத் தடுக்கிறதா என்று மட்டும் பார்ப்பேன். நடுரோட்டில் உடைக்கும் திருஷ்டிப் பூசணியில் வழுக்கி விழுகிறவர்களை நினைத்தால் அதை மட்டும் ஓரமாக உடைக்கச் சொல்லலாம்.

குஜராத்தில் உனாவா மீராதாதார் தர்காவில் வேண்டுதலுக்கு வருகிறவர்களுக்கு அங்கேயே மனநல மருத்துவரும் மருந்தும் கிடைக்கும்படி செய்தார்கள். ஏர்வாடியிலும் அந்த முறை வந்தது. தர்காவில் வேண்டுதல் நடத்துகிறவரே "மருந்தும் வாங்கிக்கோ" என்று அனுப்புகிறார். அந்த ஒரு வாக்குக்கு நம் நூறு துண்டறிக்கை ஈடாகாது. உங்கள் ஊர்ப் பூசாரியிடம் முதலில் பேசுங்கள். பலர் ஒத்துழைப்பார்கள், அவர்கள் வீட்டிலும் நோயாளிகள் இருக்கிறார்கள். 14416 என்ற எண்ணில் தமிழிலேயே இலவச மனநல ஆலோசனை எந்நேரமும் கிடைக்கும்.

---

பனங்காடு

இடுமருந்தை யாரும் தொடவில்லையே. "சோத்துல மருந்து வச்சுட்டா" என்ற பழி பெரும்பாலும் மருமகள் மேல், இல்லையென்றால் கணவன் பழகும் வேறு பெண் மேல். மருந்து எடுப்பவர் பச்சிலை கலந்து பால் குடிக்கவைத்து வாந்தி எடுக்க வைப்பார். இரைப்பைப் புளிப்பில் திரிந்த பால் கட்டி கட்டியாக வெளியே வரும், அதுதான் "மருந்து". குழாய் வைத்து வயிற்றிலிருந்து உறிஞ்சுகிறவர் மெழுகும் முடியும் சேர்ந்த உருண்டையைக் கன்னத்தில் ஒதுக்கி வைத்திருப்பார். வெந்நீரில் வாயைக் கொப்பளித்து, வாயைத் திறந்து காட்டிவிட்டுத் தொடங்கச் சொல்லுங்கள், அன்றைக்கு மருந்து வராது. மாதக்கணக்கில் எடை குறைந்து, சாப்பிட முடியாமல் இருப்பவருக்குப் புண்ணா, காசமா, புற்றா என்று பார்க்க வேண்டிய காலம் இதிலேயே கழிகிறது.

---

ராஞ்சித் தமிழன்

ஜார்க்கண்டில் 'டாயன்' (சூனியக்காரி) என்று பெயர் சூட்டப்பட்ட பெண்களுக்காக வேலை செய்யும் அமைப்புகளோடு இருக்கிறேன். நம் பக்கம் பழி பேச்சோடும் ஒதுக்கத்தோடும் நிற்பது பல. இங்கே அது கொலையில் முடிகிறது. தேசியக் குற்றப் பதிவேட்டின்படி 2022-இல் சூனியத்தைக் காரணமாகக் கொண்ட கொலைகள் நாடு முழுவதும் 85.

'ஓஜா' எனப்படும் இங்குள்ள குறிசொல்பவர் பெயர் சொல்லும் முறை பனங்காடு எழுதியதேதான். காரணத்தைத் தோண்டினால் அடிக்கடி நிலம் வரும். சந்தால், ஹோ பழங்குடி மக்களிடம் கணவன் இறந்த பெண்ணுக்கு அவள் வாழும்வரை நிலத்தை அனுபவிக்கும் வழக்குரிமை உண்டு. அவள் போய்விட்டால் நிலம் பங்காளிக்கு. ஒரு குழந்தை மலேரியாவில் இறக்கிறது, பங்காளி ஓஜாவிடம் போகிறான். எங்கே காய்ச்சலுக்கு மருந்து எட்டவில்லையோ, எங்கே ஒரு விதவையின் நிலம் யார் கண்ணையோ உறுத்துகிறதோ அங்கே இது விளைகிறது. அதனால் ஒரு பெயர் வெளியே வந்ததும் பட்டாவை எடுத்துப் பாருங்கள் என்பேன்.

சட்டம் மட்டும் போதாது என்பதற்கும் இங்கேதான் சான்று. 1999-இல் பீகார் இயற்றிய டாயன் தடைச் சட்டத்தை ஜார்க்கண்ட் 2001-இல் ஏற்றது. ஒருவரைச் சூனியக்காரி என்று சுட்டினால் அதில் தண்டனை 3 மாதம் வரை சிறை அல்லது 1,000 ரூபாய் அபராதம். ஒரு பெண்ணின் வாழ்வுக்கு அந்த விலை. அசாம் 2015-இல் கொண்டுவந்த சட்டம் இதைப் பிணையில் விட முடியாத குற்றமாக்கியது. அதற்குப் பின்னால் பீருபாலா ராபா என்ற கிராமத்துப் பெண்ணின் பல ஆண்டு உழைப்பு இருக்கிறது. அவருடைய மகன் மூன்று நாளில் இறந்துவிடுவான் என்று குறிசொல்பவர் சொன்னார், மகன் இறக்கவில்லை. அன்று தொடங்கியது அவருடைய கேள்வி. இங்கே சராய்கேலாவில் சுட்னி தேவி, தாமே டாயன் என்று துரத்தப்பட்டவர், பிற பெண்களைக் காக்கும் ஆளாக நின்றார். இருவருக்கும் 2021-இல் பத்மஸ்ரீ கிடைத்தது.

---

கருப்பங்கி

சூனியப் பழிக்கும் மந்திரவாத ஏமாற்றுக்கும் எதிராகத் தமிழ்நாட்டில் தனிச் சட்டம் இல்லை. மகாராட்டிரம் 2013-இல் கொண்டுவந்தது; பல ஆண்டாக அதற்குப் போராடிய நரேந்திர தபோல்கர் ஆகஸ்ட் 20 அன்று புனேயில் சுட்டுக் கொல்லப்பட்ட சில நாளில் அவசரச் சட்டமாகி, டிசம்பரில் சட்டமானது. கர்நாடகத்துக்கு 2017-ஆம் ஆண்டுச் சட்டம் இருக்கிறது. நமக்கும் வேண்டும் என்பதே என் நிலைப்பாடு. அதுவரை கையில் உள்ளவை இவை.

"தெய்வ கோபம் வரும்" என்று நம்பவைத்து ஒருவரை ஒன்றைச் செய்யவைப்பது பாரதிய நியாய சன்ஹிதா என்ற குற்றவியல் சட்டத்தின் பிரிவு 354-இன் கீழ் குற்றம். இது பலருக்குத் தெரியாது. ஏமாற்றிப் பணம் வாங்கியிருந்தால் 318, மிரட்டினால் 351, அடைத்து வைத்தால் 127. தாயத்து, மந்திரத்தால் நோய் தீரும் என்று விளம்பரம் செய்வது 1954-ஆம் ஆண்டு மருந்து, மாய நிவாரண விளம்பரச் சட்டப்படி குற்றம். முதல்முறை 6 மாதம் வரை சிறை. சுவரொட்டியையும், கைப்பேசியில் வரும் காணொலியையும் தேதியோடு படமெடுத்து வையுங்கள். மனநோயாளியைச் சங்கிலியால் கட்டுவதை மனநலப் பராமரிப்புச் சட்டம் 2017, பிரிவு 95 முழுமையாகத் தடை செய்கிறது. பிரிவு 101-இன்படி யார் வேண்டுமானாலும் காவல் நிலையத்தில் சொல்லலாம், நிலைய அலுவலர் நீதித்துறை நடுவருக்கு அறிக்கை தர வேண்டும்.

நிகழ்ச்சி நடத்துகிறவர்களுக்கு ஓர் எச்சரிக்கை. அலகு, தீமிதி போன்ற வழிபாட்டை மேடையில் கிண்டல் செய்தால் பாரதிய நியாய சன்ஹிதா 299-இல் உங்கள் மேல் வழக்கு வரலாம். ஏமாற்று வித்தையை மட்டும் விளக்குங்கள்.

---

மேலத்தெரு வாசகசாலை

பெயர் ஏற்கனவே வெளியே வந்துவிட்டது என்றால்? அந்தப் பெண்ணைத் தெருக்குழாயில் தண்ணீர் பிடிக்க விடவில்லை, பிள்ளைகள் கல்லெறிகிறார்கள். அவருக்குப் புகார் கொடுக்கப் பயம்.

---

ராஞ்சித் தமிழன்

முதல் இரவு அவர் தனியாக இருக்கக் கூடாது. இரண்டு பெண்களாவது கூடப் படுக்கட்டும். ஊரைவிட்டு வேறு இடத்துக்கு அனுப்புவது பாதுகாப்பாகத் தெரியும். ஆனால் உயிராபத்து இல்லாவிட்டால் அவசரப்படாதீர்கள், போனவுடன் "ஓடிட்டா பாரு" என்பதே சாட்சியாகிவிடும், நிலமும் கைமாறும். குழாயடிக்கும் ரேஷன் கடைக்கும் ஊரில் மதிப்புள்ள ஒருவர், ஆசிரியரோ ஊராட்சித் தலைவரோ கிராமச் செவிலியரோ, அவரோடு சேர்ந்தே நடக்கட்டும். நோயாளி வீட்டாரே நாலு பேர் முன் அவர் கையால் ஒரு டம்ளர் தண்ணீர் வாங்கிக் குடித்தால் பாதி முடிந்துவிடும். அதற்கு அந்தப் பிள்ளையின் வலிப்புக்கு மருந்து தொடங்கியிருக்க வேண்டும். இரவுப்பணி சொன்ன வேலையும் நான் சொல்லும் வேலையும் ஒரே நாளில் நடக்க வேண்டும்.

---

கருப்பங்கி

புகாரைப் பொறுத்தவரை: 181 பெண்கள் உதவி எண், ஆபத்தென்றால் 112. வழக்கறிஞருக்குச் செலவில்லை, பெண்களுக்கு வருமான வரம்பின்றி இலவசச் சட்ட உதவி உண்டு, 15100-இல் கேட்கலாம். புகாரில் "சூனியக்காரி என்றார்கள்" என்று மட்டும் எழுதினால் "ஊர்ச் சண்டை" என்று சமாதானம் பேசி அனுப்பிவிடுவார்கள். எந்தத் தேதி, எத்தனை மணி, எந்த இடம், யார் என்ன சொல் சொன்னார், கல் எங்கே பட்டது, யார் பார்த்தார் என்று வரிவரியாக எழுதுங்கள். காயம் சிறிதென்றாலும் அன்றே அரசு மருத்துவமனையில் பதிவாகட்டும். பதிவு செய்ய மறுத்தால் அதே புகாரைப் பதிவுத் தபாலில் மாவட்டக் காவல் கண்காணிப்பாளருக்கு அனுப்பலாம், அதற்குப் பிறகு நடுவர் மன்றம். நிலையத்தில் புகாரை வாங்கிக்கொண்டால் அதற்கான சி.எஸ்.ஆர். ரசீதை (புகார் பெற்றதற்கான சான்றை) கையில் வாங்கி, எண்ணையும் தேதியையும் சரிபார்க்காமல் படி இறங்காதீர்கள்.